வெள்ளீயம் பாதி, காற்று பாதி

பைப் ஆர்கனை வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அதில் ஒரு சத்தம் கேட்கும். துருத்திகளில் காற்று நிறைகிற சத்தம். மரம் லேசாக முனகும், தோல் மடிப்புகள் விரியும், எங்கோ ஒரு இடுக்கில் காற்று சீறும். கச்சேரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி நிரலைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டதும் மனசு ஊருக்குப் போய்விடும்.

எங்கள் ஊர்க் கோயிலில் (திருநெல்வேலிப் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) ஒரு கால் ஆர்மோனியம் இருந்தது. ஞாயிறு ஆராதனைக்கு அப்பாதான் வாசிப்பார். அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு மிதிக்கிற வேலை எனக்கு வந்தது. பெஞ்சில் அவரை ஒட்டி உட்கார்ந்து நான் மிதிப்பேன், அவர் பாமாலை வாசிப்பார். "ஏல, பாட்டு வேகமா போனாலும் நீ வேகமா மிதிக்காத. காத்து சமமா போகணும்" என்பார். ஒரு மழைக்காலத்தில் எலி அதன் தோலைக் கடித்துவிட்டது. சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. கீபோர்டு வாங்கினார்கள். ஆர்மோனியம் உடைந்த பெஞ்சுகளோடு பின்னறைக்குப் போனது. யார் மேலும் கோபமில்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போன அன்று அப்பா வீட்டில் சாப்பிடவில்லை.

வேலைக்காக ஹாம்பர்க் வந்து சேர்ந்த பிறகு, சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வரும் செயின்ட் யாக்கோபி தேவாலயத்துக்கு அடிக்கடி போக ஆரம்பித்தேன். செங்கல்லில் கட்டிய பழைய கோயில். சுற்றிலும் துணிக்கடைகளும் அலுவலகங்களும். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் மேற்கு மாடத்தில் அந்த ஆர்கன் நிற்கும். அதன் கதையைத்தான் எழுதப் போகிறேன். மூன்று நூற்றாண்டுகளில் அது எப்படித் தேய்ந்தது, எத்தனை பேர் அதை வெறும் உலோகமாகப் பார்த்தார்கள், யார் காதுக்கு அது மறுபடி வாத்தியமாகக் கேட்டது என்பதெல்லாம் எனக்கு நெருக்கமான விஷயங்களாகிவிட்டன.

அதைச் செய்தவர் ஆர்ப் ஷ்னிட்கர். வட ஜெர்மனியின் ஆர்கன் கலைஞர்களில் அவருக்கு மேல் ஒருவரைச் சொல்வது கடினம். 1689-ல் இந்த வேலையைத் தொடங்கி 1693-ல் முடித்தார். 60 ஸ்டாப்புகள். கையால் வாசிக்க நான்கு வரிசைக் கட்டைகள், காலால் வாசிக்கத் தனியாக ஒரு வரிசை. ஏறத்தாழ 4000 குழாய்கள். அதே கோயிலில் முன்பு இருந்த ஆர்கனின் நல்ல குழாய்களை அவர் தூக்கிப் போடவில்லை, தன் ஆர்கனுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். அதனால் ஷ்னிட்கரைவிடப் பழைய குரல்களும் அதற்குள் இருக்கின்றன. பெரிய கலைஞனின் அடக்கம் என்று இதைத்தான் சொல்வேன்.

ஸ்டாப் என்றால் ஒரு வகைக் குரல். ஒரு குமிழை இழுத்தால் அந்தக் குரலுக்கான குழாய் வரிசைக்குக் காற்று திறந்துகொள்ளும். குழாய்களில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று புல்லாங்குழல் மாதிரி, காற்று ஒரு விளிம்பில் மோதிப் பிறக்கிற ஒலி. இன்னொன்றில் நாதஸ்வரத்துக்குச் சீவாளி இருப்பதுபோல உள்ளே ஒரு பித்தளை நாக்கு இருக்கும், அது அதிர்ந்து பேசும். திமிரி நாதஸ்வரம் குட்டையாக இருப்பதால் சுருதி ஏறி நிற்கிறது, பாரி நீளமாக இருப்பதால் இறங்கி நிற்கிறது இல்லையா, அதே கணக்குதான் இங்கேயும். கால் வரிசையில் 32 அடி ஸ்டாப்புகள் இரண்டு உண்டு. அவற்றின் மிகத் தாழ்ந்த குழாய் ஏறத்தாழ மூன்று மாடி உயரம். அதன் ஸ்வரத்தைக் காது கேட்பதைவிட உட்கார்ந்திருக்கிற பெஞ்ச்தான் முதலில் கேட்கும்.

ஒருமுறை ஆர்கனைக் காட்டி விளக்கும் நிகழ்ச்சியில் மாடத்துக்கு மேலே ஏறிப் போக வாய்த்தது. எங்கள் குழுவில் ஒவ்வொருவரையும் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பார்க்க விட்டார்கள். நான் அழுத்தினேன். கட்டை முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அப்புறம் சட்டென்று விட்டுக்கொடுத்தது. காற்றுப்பெட்டிக்குள் இருக்கிற சின்ன வால்வு, காற்றின் அழுத்தத்தை மீறித் திறக்கிற கணம் அது. விரலுக்கும் அந்த வால்வுக்கும் நடுவே மின்சாரம் எதுவும் கிடையாது. மெல்லிய மரச்சட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பல அடி தூரம் போகின்றன. விடும்போது ஒரு சின்ன மரச் சத்தம் கேட்டது. மாட்டு வண்டியின் கடையாணியைத் தட்டுகிற மாதிரி. 300 வருடத்துக்கு முன்பு அந்தச் சத்தம் அப்படியே கேட்டிருக்கும் என்று நினைத்ததும் கையை எடுக்க மனசு வரவில்லை.

இந்த ஆர்கனுக்கு இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக் ஆசைப்பட்டார். 1720-ல் இங்கே ஆர்கனிஸ்ட் பதவி காலியானது. பாக் அப்போது கெதன் அரண்மனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஜூலையில்தான் அவர் மனைவி மரியா பார்பரா இறந்திருந்தார். நவம்பரில் ஹாம்பர்க் வந்தார். அங்கே செயின்ட் கத்தரீனன் தேவாலய ஆர்கனில் அவர் மணிக்கணக்கில் வாசித்ததைக் கேட்டு, எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அக்கோயில் ஆர்கனிஸ்ட் ராய்ன்கென், இந்தக் கலை செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன், உங்களிடம் அது உயிரோடு இருக்கிறது என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் யாக்கோபியில் நடந்த தேர்வுக்கு அவரால் இருக்க முடியவில்லை, கெதனுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இடம் யோகான் யோவாக்கிம் ஹைட்மான் என்பவருக்குப் போனது. அவர் கோயில் கஜானாவுக்கு 4000 மார்க் கொடுத்தார்.

அந்தக் கோயிலின் போதகர் எர்ட்மான் நாய்மைஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. பாக் இசையமைத்த சில பாடல்களின் வரிகளை எழுதியவரே அவர்தான். கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் பெத்லகேமில் தேவதூதர்கள் பாடிய பாட்டைப் பற்றிப் பேசியவர், நடுவே ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். அந்தத் தூதர்களில் ஒருவர் வானத்திலிருந்து இறங்கி வந்து, தெய்வீகமாக வாசித்து, யாக்கோபியில் ஆர்கனிஸ்ட் ஆக விரும்பினாலும், கையில் பணம் இல்லையென்றால் மறுபடி பறந்து போக வேண்டியதுதான் என்றார். இசை எழுத்தாளர் மாத்தெசன் சில வருடங்கள் கழித்து இதை எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. தன் சபைக்கு முன்னால் நின்று தன் சபையையே இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இந்த ஆர்கனின் இறக்கம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. குழாய் ஒன்றும் கெடவில்லைதான். ஆனால் யார் வாசிக்கிறார் என்பதைவிட யார் கொடுக்கிறார் என்பது பெரிதாகிவிட்டது.

அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேல் பெரிய சேதமில்லாமல் ஓடியது. பழுது பார்த்தார்கள், சில ஸ்டாப்புகளை மாற்றினார்கள். 1813-14 குளிர்காலத்தில் நெப்போலியன் படை இந்த நகரத்தின் பெரிய தேவாலயங்களைக் குதிரை லாயமாக்கியது, யாக்கோபியும் தப்பவில்லை. 1842 மே மாதம் ஹாம்பர்க்கில் பெருந்தீ. செயின்ட் நிக்கோலாய் தேவாலயத்தில் ஷ்னிட்கர் செய்திருந்த, யாக்கோபியைவிடப் பெரிய, 67 ஸ்டாப் ஆர்கன் அதில் சாம்பலானது. யாக்கோபி வரைக்கும் தீ வரவில்லை.

ஆனால் தீயைவிட மெதுவாக ஒன்று வந்துகொண்டிருந்தது. ஜனங்களுடைய காது மாறிக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆர்கன் என்றால் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா மாதிரி முழங்க வேண்டும், ஒலி மெல்ல மெல்லப் பெருகி மறுபடி அடங்க வேண்டும் என்று ஆசை வந்தது. பழைய ஆர்கனின் தெளிவான, கொஞ்சம் கூர்மையான குரல் அவர்களுக்குக் கத்தலாகக் கேட்டது. பல ஊர்களில் இப்படிப்பட்ட பழைய ஆர்கன்களைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிது வைத்தார்கள். இதே நகரத்தின் செயின்ட் மிக்கேல் தேவாலயத்தில் 1912-ல் வால்க்கர் நிறுவனம் 163 ஸ்டாப்புகளோடு ஒரு ராட்சத ஆர்கனை நிறுத்தியது. யாக்கோபியின் கிழட்டு ஆர்கனைப் பற்றி அப்போது யார் பேசியிருப்பார்கள்? பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அதை விட்டுவைத்தது அக்கறையா அலட்சியமா என்று கேட்டால், இரண்டும் கலந்தது என்றுதான் நினைக்கிறேன். அலட்சியமும் சில நேரம் காப்பாற்றுகிறது.

1917-ல் அந்தக் காப்பும் போனது. முதல் உலகப் போர் மூன்றாவது வருடத்தில் இருந்தது. கடல் வழி அடைபட்டிருந்ததால் ஜெர்மனிக்கு உலோகம் கிடைக்கவில்லை. கோயில் மணிகளை இறக்கி உருக்கினார்கள். அடுத்து ஆர்கன்களின் முகப்புக் குழாய்களைக் கேட்டார்கள். ஏனென்றால் அவை வெள்ளீயம். நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கிறதே, அதே உலோகம்தான். அந்த மங்கிய வெள்ளிப் பளபளப்புக்காகவே முகப்பில் நல்ல வெள்ளீயக் குழாய்களை நிறுத்துவார்கள். யாக்கோபியின் முகப்புக் குழாய்கள் முழுவதும் போயின.

முகப்பில் நிற்பவை அழகுக்காக மட்டும் நிற்பவை அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். ஆர்கனின் அடிப்படைக் குரல், கனமான தாழ்ந்த ஸ்வரங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு மிச்சத்தை வாசிப்பது, தம்புராவையும் மிருதங்கத்தையும் வெளியே அனுப்பிவிட்டுப் பாடகரை மட்டும் உட்கார வைப்பது மாதிரி. 224 வருடம் பாடிய குழாய்களை அன்றைக்கு எடை போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் 1944 குண்டுவீச்சு அல்ல, இதுதான். குண்டு போடுகிறவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. இங்கே ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு குழாயாகக் கையால் பிடித்து இறக்கியிருக்கிறார்கள்.

பல் போன வாய் மாதிரி நின்ற அந்த ஆர்கனிடம் 1919-ல் ஒரு இளைஞர் வந்தார். பெயர் ஹான்ஸ் ஹென்னி யான். 25 வயது நிறையவில்லை. போரில் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று நண்பர் காட்லீப் ஹார்ம்ஸோடு நார்வேக்குப் போய் ஒளிந்திருந்து, போர் முடிந்து திரும்பியவர். நாடகமும் நாவலும் எழுதுகிறவர், ஆர்கன் செய்யும் கலையைத் தானாகவே படித்தவர். பாழடைந்த பழம்பொருள் என்று மற்றவர்கள் கடந்து போனதில் அவருக்கு ஒரு குரல் கேட்டது. குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அளந்தார். உள்ளே ஷ்னிட்கரும் அவருக்கு முந்தையவர்களும் செய்த குழாய்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன என்பதைக் கண்டுகொண்டார். பழுது பார்க்கப் பணம் திரட்டக் கச்சேரிகள் நடந்தன. பாக் வேலை பார்த்த லைப்சிக் தாமஸ் தேவாலயத்தின் அன்றைய ஆர்கனிஸ்ட் குந்தர் ராமின் வந்து வாசித்தார். ஜெர்மன் மார்க்கின் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் பழைய ஆர்கனுக்காகக் காசு கேட்டுப் போக முடிந்தது என்றால், கேட்டவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

கெம்பர் என்ற ஆர்கன் நிறுவனத்தின் கையால் வேலை கொஞ்சம் கொஞ்சமாக நடந்து 1930 வாக்கில் ஒரு கட்டத்துக்கு வந்தது. இதற்கிடையில் 1925-ல் ஹாம்பர்க்கிலும் பக்கத்து லூபெக்கிலும் ஆர்கன் கலைஞர்களும் ஆய்வாளர்களும் கூடினார்கள். யாக்கோபியைக் கேட்டுவிட்டுப் போனவர்கள், பழைய ஆர்கன்கள் பழசு என்பதால் மட்டம் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். ஜெர்மனி முழுக்கப் பரவிய ஆர்கன் இயக்கத்துக்கு இந்த ஒரு ஆர்கன் பெரிய தூண்டுதல். அந்த இயக்கம் பின்னாளில் எதிர்ப்பக்கம் சாய்ந்து, 19ஆம் நூற்றாண்டின் நல்ல ஆர்கன்களை மதிக்காமல் விட்டதும் நடந்தது. மிக்கேல் தேவாலயத்தின் அந்த 163 ஸ்டாப் ஆர்கன் இன்று இல்லை. அதன் இடத்தில் 1962-ல் வேறு ஆர்கன் வந்துவிட்டது. காது ஒரு பக்கம் திறக்கும்போது இன்னொரு பக்கம் மூடிக்கொள்கிறது.

அடுத்து இரண்டாவது போர். 1942-ல் யாக்கோபியின் குழாய்களையும் காற்றுப்பெட்டிகளையும் மரச்சிற்பங்களையும் கழற்றிப் பத்திரமான இடத்தில் வைத்தார்கள். கழற்றியவர்கள் செய்த புண்ணியம் சாதாரணமல்ல. ஈயச் சொம்பை ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அடுத்த வருடம் ஜூலையில் ஹாம்பர்க்கில் மூண்ட தீப்புயல் பல்லாயிரம் பேரை விழுங்கியது. கத்தரீனன் தேவாலயத்தில் பாக் வாசித்த ஆர்கன் அந்த வருடம்தான் அழிந்தது. 1944 ஜூன் 18 அன்று யாக்கோபி மேல் குண்டு விழுந்தது. கூரை போனது, கோபுரம் போனது, ஆர்கனின் மரக்கூடு எரிந்தது. குழாய்கள் இருட்டில் படுத்தபடி பிழைத்துக்கொண்டன.

போர் முடிந்த பிறகு கதை சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1950-ல் கோயிலின் தெற்குப் பக்கத்தில் ஆர்கனின் ஒரு பகுதியைக் கட்டி நிறுத்தினார்கள். மறுபடி மேற்கு மாடத்துக்கு 1961-ல் கொண்டு வந்தார்கள். நகரமே இடிந்து கிடந்து எழுந்துகொண்டிருந்த நேரம், கிடைத்ததை வைத்துச் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பழைய குழாய்கள் இருந்தும் பழைய குரல் வரவில்லை. ஒரு குழாயின் குரல் அதன் உலோகத்தில் மட்டும் இல்லை. அதற்கு வந்து சேர்கிற காற்றின் தன்மை, அது நிற்கிற கூடு, அதன் வாயை எத்தனை நூலிழை திறந்து விட்டிருக்கிறது என்பது எல்லாம் சேர்ந்துதான் குரல். அதைத்தான் அப்பா என் காலடியில் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் குரலைத் திருப்பிக் கொண்டு வந்தவர் யுர்கன் ஆரெண்ட். கிழக்கு ஃப்ரீசியாவில் லேர் என்ற சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்தவர். எரிந்த கூட்டைப் பழைய படியே கட்டினார். 1917-ல் உருக்கப்பட்ட முகப்புக் குழாய்களை வெள்ளீயத்தில் புதிதாகச் செய்தார். பிழைத்திருந்த பழைய குழாய்களைக் காயம் ஆற்றி உரிய இடத்தில் நிறுத்தினார். 1993 ஈஸ்டருக்கு, சரியாக 300 வருடம் கழித்து, ஆர்கன் மறுபடி பாடியது.

ஆரெண்ட் செய்ததில் நம் காதுக்கு நேராக எட்டுகிற ஒன்று உண்டு. இந்த ஆர்கனின் சுருதி இன்றைய வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒரு முழு ஸ்வரம் அதிகம். நம் சுருதிக் கணக்கில் சொன்னால், ஒரு கட்டைச் சுருதிக்கான (C) ஸ்வரத்தை அழுத்தினால் இரண்டு கட்டைச் சுருதி (D) ஒலிக்கும். அதோடு, இன்றைய கீபோர்டில் இருக்கிற சமமாகப் பங்குபோட்ட ஸ்வரங்கள் இதில் இல்லை. பழைய முறைப்படி சில ஸ்வரச் சேர்க்கைகள் மிகச் சுத்தமாக இருக்கும், அதற்கு விலையாகச் சில கரடுமுரடாக இருக்கும். முதல்முறை கேட்டபோது எனக்குச் சட்டென்று தம்புரா ஞாபகம் வந்தது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில், மீட்டாமலேயே அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும் அல்லவா? அந்தக் காந்தாரத்துக்கு மிக நெருங்கிய ஒன்று இந்த ஆர்கனில் இருக்கிறது. கீபோர்டில் வளர்ந்த காதுக்கு இது விநோதம். எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

இன்றைக்கு இந்த ஆர்கன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள உலகம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் 50,000 ஆர்கன்கள் வரை இருக்கின்றன, சுமார் 400 பட்டறைகள் இருக்கின்றன. ஆர்கன் செய்யும் கலையையும் அதன் இசையையும் 2017-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் ஞாயிறு ஆராதனைக்கு வருகிற கூட்டம் வருடத்துக்கு வருடம் குறைகிறது. தேவாலயங்களை மூடுகிறார்கள், ஆர்கன்களை வேறு நாடுகளுக்கு விற்கிறார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் காற்று உலர்ந்து காற்றுப்பெட்டியின் மரம் வெடிக்கிறது. போடாவிட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. போன டிசம்பரில் ஒரு மாலைக் கச்சேரிக்குப் போனபோது அவ்வளவு பெரிய கோயிலில் முப்பது நாற்பது பேர்தான் இருந்தோம். என் வரிசையில் நான் மட்டும்.

இவ்வளவு எழுதியும் ஒருவகை மனிதர்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மின்சாரம் வருவதற்கு முன்பு இந்தப் பெரிய துருத்திகளை ஆட்கள்தான் மிதித்தார்கள். மறைவான ஓர் அறையில், குளிரில், ஏறி இறங்கி ஏறி இறங்கி. அவர்கள் மிதிக்காமல் எந்த ஆர்கனிலும் பாக்கால்கூட ஒரு ஸ்வரம் எழுப்பியிருக்க முடியாது.

அந்த டிசம்பர் கச்சேரியில் ஆரம்பத்திலிருந்து நான்கு நிமிடம் செல்போனில் பதிவு செய்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 32 அடிக் குழாயின் ஸ்வரம் செல்போனில் வராது என்று தெரியும். இருந்தாலும் அனுப்பினேன். மறுநாள் காலையில் கூப்பிட்டார். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் சத்தமாகப் பேசினார்.

"ஏல, முதல்ல காத்து ஏறுறது நல்லா கேக்கு. அங்க யாரு மிதிக்கா?"

"மோட்டார்தான்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுபடி அந்தப் பதிவைப் போட்டுக் கேட்கிறார் என்று எனக்கு இங்கே கேட்டது.

"சமமாத்தான் போகுது" என்றார்.